ஸ்மால் ஏஜெண்டு

அவருடைய பெயர் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. பண்ணையாரின் நிலங்களை மேற்பார்வை பார்த்தவர் என்பதால் பண்ணை வீட்டில் ஏஜெண்டு என்று கூப்பிடுவார்கள். எதிரில் பார்த்தால் நாங்கள் ஏஜெண்டய்யா என்போம். அவர் தலை மறைந்ததும் ஸ்மாலு.

ஆளைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டால் சிரிப்பு வரும். ஆறடிக்கு மேல் உயரம். எங்கள் தெருக் கூரை வீடுகளில் எதிலும் அவர் நிமிர்ந்து நுழைந்ததில்லை. முதுகை வளைத்து, தலையை மட்டும் முதலில் உள்ளே விட்டு, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் உடம்பைக் கொண்டு வருவார். முகம் முழுக்க அம்மை வடு. கக்கத்தில் எப்போதும் ஒரு ரெக்சின் பை. பெயர் வந்தது அவர் வாயால். எதைச் சொன்னாலும் ஸ்மால் என்ற அந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தை ஒட்டிக்கொண்டு வரும். ஸ்மாலா ஒரு வேலை இருக்கு என்றால் பொழுது சாய்கிறவரை பண்ணை வீட்டில் மூட்டை ஏற்ற வேண்டும். ஸ்மால் மாற்றம் என்றால் யாரோ ஒருவரை நாளையிலிருந்து வயலுக்கு வராதே என்று சொல்லப்போகிறார். ஒருமுறை எங்கள் தெருப் பக்கம் வரும் கன்னி வாய்க்காலை மூன்று நாள் அடைத்துப் போட்டுவிட்டு அதற்கும் ஸ்மால் ரிப்பேர் என்றார்.

பாபநாசத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஊருக்கு நான் வாக்கப்பட்டு வந்தபோது எட்டாவது படித்திருந்தேன். தெருவில் படிக்கத் தெரிந்த பொம்பளை நான் ஒருத்திதான். பள்ளிக்கூடத்தில் பரிசாகக் கொடுத்த கையடக்க இங்கிலீஷ் அகராதி ஒன்று என் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் கிடந்தது. வந்த மூன்றாம் மாதமே அதை எடுத்து ஸ்மாலுக்கு என்ன போட்டிருக்கிறது என்று பார்த்தேன். சிறிய, கொஞ்சமான, அற்பமான, கீழ்த்தரமான என்று வரிசையாக இருந்தது. மறுநாள் நடவு வயலில் ஒப்பித்தேன். கீழ்த்தரமான என்பதைப் பெண்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். தூரத்தில் அவர் தலை தெரிந்து, "ஸ்மாலு வருது" என்று ஒருத்தி சொன்னால் போதும், வரிசை முழுக்கச் சிரிக்கும். அவரும் வரப்பில் நின்று எங்களோடு சேர்ந்து சிரிப்பார். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரிந்துதான் சிரிக்கிறாரோ என்று எனக்கு அன்றைக்கே சந்தேகம்.

எனக்குச் சந்தேகம் கூடப் பிறந்தது. என் வீட்டுக்காரர் அப்படியே எதிர். யார் எதைச் சொன்னாலும் நம்புகிற மனிதர். ஏஜெண்டு தன் சொந்த ஊர் கூத்தாநல்லூர்ப் பக்கம் என்று அவரிடம் சொல்லியிருந்தார். பக்கத்து வீட்டில் வேதாரண்யம் என்றார். பண்ணை வீட்டுச் சமையற்கார அம்மாவிடம் இன்னொரு ஊர். சொந்த ஊரைக்கூட உள்ளபடி சொல்லாத ஆளை எப்படி நம்புவது என்று நான் கேட்டால், "ஒரு மனுசனுக்கு நாலு ஊரு இருக்கக் கூடாதா" என்பார் என் வீட்டுக்காரர்.

அடுத்த வருசம் அம்மை குத்துகிறவர்கள் வந்தார்கள். ஊசி போட்டால் மாரியாத்தா கோபித்துக்கொள்வாள் என்று பாதித் தெரு வாழைக் கொல்லைக்குள் போய் ஒளிந்துகொண்டது. ஏஜெண்டுதான் உள்ளே போய் ஒவ்வொருவராகக் கூட்டி வந்தார். கொல்லை நடுவில் நின்று தன் முகத்தைத் தடவிக் காட்டி, இதற்கு வெள்ளைக்காரன் வைத்த பெயரே ஸ்மால் பாக்ஸ்தான் என்றார். தன் வீட்டில் ஒரே வாரத்தில் மூன்று பேரைக் கொண்டுபோனது, அதற்குப் போய் ஸ்மால் என்று பெயர் வைத்திருக்கிறான் பாருங்கள் என்றார். சொல்லும்போது சிரித்தார். எந்த மூன்று பேர் என்று ஒரு கிழவி கேட்டதற்கு, பெண்டாட்டியும் இரண்டு பிள்ளைகளும் என்று பதில் வந்தது. எல்லோரும் போய்க் கையை நீட்டினோம். ஆனால் அதே ஆள் டீக்கடையில் தனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று சொன்னதை என் வீட்டுக்காரர் தன் காதால் கேட்டிருந்தார். குத்தின இடம் புண்ணாகி ஆறுகிறவரை நான் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். எங்களை வழிக்குக் கொண்டுவர இல்லாத பெண்டாட்டி பிள்ளைகளைப் பெற்றுச் சாகடிக்கிற ஆளா இவர்? இல்லை, இருந்தவர்களை டீக்கடையில் மறைக்கிற ஆளா? இரண்டில் எது என்றாலும் எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

பிறகு சாராயக் கடை திறந்தார்கள். விவசாயத் தொழிலாளர் சங்கம் கூலி நெல்லில் கூடுதல் கேட்டுச் சிவப்புக் கொடி நட்டிருந்த நேரமும் அதுதான். சாயங்காலம் வேலை முடிந்து வருகிற ஆம்பிளைகளை ஏஜெண்டு நிறுத்தி, ஆளுக்கு ஒரு ஸ்மால் வாங்கிக் கொடுப்பார். அவர் கையிலும் ஒரு கிளாஸ் இருக்கும். பேச்சு முடிந்து எழுந்திருக்கும்போது அந்தக் கிளாஸ் நிரப்பினபடியே இருக்கும் என்று என் வீட்டுக்காரர் ஆச்சரியமாகச் சொன்னார். எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. மறுநாள் எந்த வயலில் ஆள் இறங்க மாட்டார்கள் என்பது பண்ணையாருக்கு முதல் நாளே தெரிந்து, வெளியூர் ஆட்கள் வண்டியில் வந்து இறங்கினார்கள். சங்கத்துத் தோழர் ஒருவர், பாபநாசத்தில் தையல் கடை வைத்திருந்தவர், எங்கள் வாசலில் உட்கார்ந்து, "யாரு சொல்றான்னு ஸ்மாலா ஒரு சந்தேகம் இருக்கு தங்கச்சி" என்றார். அவருக்குமே அந்த வார்த்தை ஒட்டிக்கொண்டிருந்தது. யாரை நினைத்துச் சொல்கிறார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஏஜெண்டுக்காக நான் ஒரே ஒரு முறை இரங்கியிருக்கிறேன். பண்ணையாரின் மகன் மெட்ராஸில் படித்துவிட்டு வந்த புதுசு. களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தோம். எதிலோ கோபம் வந்து, நாற்பது ஆள் முன்னால் ஏஜெண்டை இங்கிலீஷில் திட்டினான். எனக்குப் புரிந்தது கடைசி வார்த்தைதான்: ஸ்மால் மேன். தகப்பன் வயசு ஆள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவன் போனதும் எங்கள் பக்கம் திரும்பி, சின்னய்யா என்னைப் புகழ்ந்துவிட்டுப் போகிறார் என்றார். யாரும் சிரிக்கவில்லை. மறுநாள் வாய்க்கால் கரையில் என்னை நிறுத்தினார்.

"உங்கிட்ட அகராதி இருக்காமே. ஸ்மால் மேன்னா என்ன போட்டிருக்கு?"

"குட்டையான ஆளுன்னு போட்டிருக்குங்க."

அண்ணாந்து பார்த்துக்கொண்டுதான் அதைச் சொன்னேன். அவர், "புத்தகத்துல தப்பா அச்சடிச்சிருக்கான்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் பொய் சொன்னது அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது.

அதற்குள் ஊரெல்லாம் சட்டத்தைப் பற்றிப் பேச்சு. ஒரு குடும்பத்துக்கு இத்தனை ஏக்கருக்கு மேல் இருந்தால் அரசாங்கம் எடுத்துக்கொள்ளும் என்று பஞ்சாயத்து ரேடியோ சொன்னது. கட்சி மேடைகளில் உழுதவனுக்கே நிலம் என்றார்கள். எங்கள் பண்ணையாருக்கு இருந்தது அளவுக்கு மேல் பல மடங்கு. அந்தப் பங்குனியில், உளுந்து எடுத்து முடித்து வயல் வெடித்துக் கிடந்த நாளில், ஏஜெண்டு ரெக்சின் பையோடு எங்கள் தெருவுக்கு வந்தார். ஐந்து வீடுகளுக்கு மட்டும் போனார். ஐந்திலும் ஆம்பிளைகள் கைநாட்டு.

"இன்னையிலேருந்து நீ ஸ்மால் ஃபார்மர்" என்றார் என் வீட்டுக்காரரிடம்.

நாங்கள் குத்தகைக்குச் சாகுபடி செய்துவந்த ஆறு மா நிலத்தை, ஏக்கர் கணக்கில் இரண்டு, பண்ணையார் எங்களுக்கு விற்றதாகப் பத்திரம் பதிவாகிவிட்டதாம். அது அரசாங்கத்துக்குக் காட்ட. பத்திரம் பண்ணை வீட்டில்தான் இருக்கும். குத்தகை நெல் எப்போதும் போல அளந்துவிட வேண்டும். இது ஏட்டில் மட்டும் நடக்கிற ஸ்மால் ஏற்பாடு. அதற்கு ஈடாக இன்னொரு தாளில் ஒரு கைநாட்டு வேண்டும். பண்ணையார் கேட்கிற நாளில் நிலத்தை அவருக்கே திரும்ப எழுதிக் கொடுப்பதாக அந்தத் தாள் சொன்னது. பார்த்தால் சாதாரண விற்பனை ஒப்பந்தம் போல இருக்கும்படி எழுதியிருந்தார்கள்.

நான் தாளை வாங்கிப் படித்தேன். அவர் தடுக்கவில்லை.

"இங்கிலீஷ்ல ஸ்மால் லெட்டர் பெரிய லெட்டர்னு ரெண்டு உண்டு. எதைப் பெருசா போட்டான், எதைச் சின்னதா போட்டான்னு பாத்தாலே ஆளு தெரிஞ்சு போயிடும்" என்றார். "தமிழ்ல எல்லா எழுத்தும் ஒரே உசரம். அதான் நம்மாளு பத்திரத்த நம்பிடறான்."

கைநாட்டு வைக்காதீர்கள் என்று நான் சொல்லிப் பார்த்தேன். குடியிருக்கிற மனைக்கட்டும் பண்ணைக்குச் சொந்தம், வைக்காவிட்டால் கிளப்பிவிடுவார்கள் என்று என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ஏஜெண்டு மை டப்பாவைத் திறந்தார். என் வீட்டுக்காரருடைய இடது கையைப் பிடித்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பெருவிரலை மடக்கிவிட்டு, சுண்டுவிரலை எடுத்து மையில் ஒற்றித் தாளில் வைத்தார்.

"பெருவிரல்தானே வைப்பாங்க?" என்றேன்.

"சேத்துல ஊறி வெடிச்ச விரலு. ரேகை விழாது."

"இப்ப ஏது சேறு? விரலு நல்லாத்தானே இருக்கு?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "ஸ்மால் போதும்மா" என்றார். பிறகு பேனாவை எடுத்து, அந்த ரேகைக்குப் பக்கத்தில் தன் உருண்டைக் கையெழுத்தில் 'இடது பெருவிரல் ரேகை' என்று எழுதி, கீழே சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

ஐந்து வீட்டிலும் இதே கதை. இதில் ஏதோ பெரிய சூது இருக்கிறது, பண்ணைக்கும் தெரியாமல் இவர் தனக்கென்று ஒரு பிடி வைத்துக்கொள்கிறார் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. நாளைக்கு எங்களிடம் வந்து மிரட்டுவார், அல்லது பண்ணையாரை மிரட்டுவார். சங்கத்துத் தோழரிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, யாரிடமும் இதைப் பேசாதே என்றார்.

நாலு வருசம் குத்தகை அளந்தோம். ஐந்தாம் வருசம் நான்தான் ஆரம்பித்தேன். தோழரைக் கூட்டிக்கொண்டு பதிவு ஆபீசுக்குப் போய்ப் பத்திரத்தின் நகல் வாங்கினேன். சிட்டாவில் என் வீட்டுக்காரர் பெயர் இருந்தது. பெயர் நம்முடையது, உழைப்பு நம்முடையது, நெல் மட்டும் ஏன் அங்கே போக வேண்டும் என்று மற்ற நாலு வீட்டிலும் போய்ச் சொன்னேன். அந்தச் சம்பா அறுப்பில் ஐந்து குடும்பமும் குத்தகை அளக்கவில்லை. பண்ணை ஆட்கள் கம்போடு வந்தார்கள். கொடியோடு சங்கத்து ஆட்கள் வந்து வரப்பில் நின்றார்கள். அடிதடி ஆகாமல் போலீஸ் வந்து நின்றது. பண்ணையார் அந்த ஐந்து தாள்களையும் எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார்.

எங்கள் வக்கீலிடம் நான் சுண்டுவிரல் விசயத்தைச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும். கேக்காததைச் சொல்ல வேணாம்" என்றார். அவ்வளவுதான்.

கூண்டில் ஏறிய முதல் சாட்சி ஏஜெண்டு, பண்ணையார் பக்கத்துச் சாட்சி. இந்த ரேகைகள் உங்கள் முன்னால் வைக்கப்பட்டவைதானா என்று கேட்டார்கள். ஆமாம் என்றார். எந்த விரல் என்று எங்கள் வக்கீல் கேட்டார். "இடது பெருவிரல். அஞ்சு பேரும் பெருவிரல்தான் வச்சாங்க. வேற விரல்ங்கிற பேச்சே இல்லை" என்றார். அதில் உறுதியா என்று மறுபடி கேட்டபோது, நானே விரலைப் பிடித்து வைத்தேன், எனக்குத் தெரியாதா என்றார்.

அடுத்து என் வீட்டுக்காரர் ஏறினார். வாழ்நாளில் பொய் சொல்லாத மனிதர். தாளைக் காட்டி, இது உன் பெருவிரல் ரேகையா என்று கேட்டார்கள். "இல்லீங்க" என்றார். சொன்னது உண்மைதான். ஆனாலும் அன்றைக்கு முழுக்க அவர் சாப்பிடவில்லை.

ரேகைகளை நிபுணருக்கு அனுப்பினார்கள். ஐந்தும் இவர்களுடைய இடது பெருவிரல் ரேகை அல்ல என்று எழுதி வந்தது. ஏஜெண்டு அத்தனை அடித்துச் சொன்ன பிறகு வேறு விரலைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. பண்ணையாரின் வழக்கு விழுந்தது. நிலம் எங்களுக்கு நின்றது.

ஊர் கொண்டாடிய மறுவாரமே பண்ணையார் போலீசில் எழுதிக் கொடுத்தார். ஏஜெண்டு எங்கள் வீடுகளுக்கே போகாமல் வேறு யாரிடமோ ரேகை வாங்கி ஏமாற்றிவிட்டான் என்று புகார். அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஜாமீனில் வந்து பாபநாசத்தில் ஒரு ரைஸ்மில்லுக்குப் பின்னால் ஒரு அறையில் இருந்தார்.

எங்களுக்கு அதன் பிறகுதான் தூக்கம் போனது. அவர் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஐயா, நான் போலியாகச் செய்யவில்லை, சுண்டுவிரலை எடுத்துப் பாருங்கள் என்று சொன்னால் அவர் தப்பிவிடுவார். நிலம் போய்விடும். கோர்ட்டில் நின்ற ஐந்து பேரும் மாட்டுவார்கள். தன் தலைக்கு வந்த பிறகு எந்த மனிதன் வாயை மூடிக்கொண்டிருப்பான்? அவர் ஏதோ ஒரு விலை கேட்கத்தான் பேசாமல் இருக்கிறார் என்று ஐந்து குடும்பமும் முடிவு செய்தது. கேட்டுவர என்னையும் என் வீட்டுக்காரரையும் அனுப்பினார்கள்.

அறையில் ஒரு பாய், ஒரு மண்பானை. உட்காரச் சொன்னார். நாங்கள் உட்காரவில்லை.

"உங்களுக்கு எங்ககிட்ட என்ன வேணும்னு சொல்லிடுங்க" என்றேன்.

"நான் எதுவும் கேட்டனா?"

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா எங்க நிலம் போயிடும்."

"ஆமா."

"சொல்லப் போறீங்களா?"

"உனக்கு என்ன தோணுது?"

"சொல்லிடுவீங்கன்னுதான் தோணுது."

அவர் தலையை ஆட்டினார். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. சுண்டுவிரலை வேண்டுமென்றேதான் வைத்தீர்களா, யாருக்காக வைத்தீர்கள், எங்களுக்காகவா, அந்தப் பையன் திட்டினதற்காகவா என்று நான் ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்டேன். கடைசியில், "நான் என்னம்மா வச்சேன்? எங்க ரேகை இல்லைன்னு நீங்கதானே கோர்ட்டுல சொன்னீங்க" என்றார். என் வீட்டுக்காரர் வெளியே போய்விட்டார். நான் தெருவில் வந்து, ஆள் பிடி கொடுக்க மாட்டேன் என்கிறார், ஜாக்கிரதையாக இருங்கள் என்று சொன்னேன்.

அவர் கடைசிவரை சொல்லவில்லை. ஒரு வருசம் தண்டனை ஆனது.

ஜெயிலுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று என் வீட்டுக்காரர் இரண்டு முறை கேட்டார். போனால் நமக்கும் அவருக்கும் உடன்பாடு இருந்தது என்று ஆகிவிடும் என்றேன். அது நியாயமான பயம்தான். ஆனால் அது மட்டும் இல்லை. ஒரு ஆள் எதுவும் கேட்காமல் எங்களுக்காக ஜெயிலுக்குப் போவார் என்பதை என் மனசு ஏற்கவில்லை. இன்னும் ஏதோ வரப்போகிறது என்று காத்திருந்தேன்.

வெளியே வந்த அடுத்த தை மாதம் ஒருநாள் அவர் எங்கள் வயல் பக்கம் வந்தார். அறுப்பு நடந்துகொண்டிருந்தது. ரோட்டோரம் நின்று பார்த்தார். பை இல்லை. முதுகு நிமிர்ந்தபடியே இருந்தும் ஆள் குறுகியிருந்தார். என் வீட்டுக்காரர் அரிவாளைப் போட்டுவிட்டு, "சாப்பிடக் கூப்பிடுறேன்" என்றார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். வீட்டுக்குள் விட்டால் நாளைக்கு என்ன கேட்பாரோ, கொஞ்சம் பொறுங்கள் என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். ஏஜெண்டு காதில் விழுந்திருக்க வழியில்லை. ஆனால் நான் கையைப் பிடித்ததை அவர் பார்த்தார். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கும்பகோணம் பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருசமும் அவர் வந்து ஏதாவது கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கூரை ஓடானது. பிள்ளைகள் படித்தார்கள். மூத்தவள் நர்ஸ் வேலைக்குப் போனாள். அவர் வரவில்லை. கேட்க வராமல் போகப் போகத்தான் எனக்கு நான் செய்தது உறைத்தது. என் வீட்டுக்காரர் அதை ஒருநாளும் எடுத்துச் சொல்லிக் காட்டியதில்லை. சாப்பாட்டில் உட்கார்ந்தால் சில நாள் முதல் பிடியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருப்பார். எனக்குப் புரியும்.

உப்பு விற்க வருகிற வண்டிக்காரர் ஒருவர்தான், வேதாரண்யம் உப்பளத்தில் அம்மைத் தழும்போடு ஒரு நெட்டை ஆள் காவலுக்கு இருக்கிறார், உங்கள் ஊர் வாய்க்கால் பெயரெல்லாம் சொல்கிறார் என்று சொன்னார். அந்த வருசப் புது அரிசியில் அரை மூட்டை கட்டிக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் புறப்பட்டோம். திருத்துறைப்பூண்டியில் பஸ் மாறினோம். மூட்டையை மேலே ஏற்ற என் வீட்டுக்காரர் யாரையும் விடவில்லை.

பாத்தி பாத்தியாக உப்பு வெளுத்துக் கிடந்தது. கீற்றுக் கொட்டகை ஒன்றின் முன்னால் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. எங்களை உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. எழுந்திருக்கவில்லை. என் வீட்டுக்காரர் மூட்டையை அவர் முன்னால் இறக்கி வைத்தார்.

"என்ன இது?"

"நம்ம வயல்ல விளைஞ்சதுங்க. புது அரிசி."

"யாரு குடுத்து விட்டா?"

"யாரும் இல்லீங்க. நாங்களாத்தான் கொண்டாந்தோம்."

அவர் மூட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "எதுல கையெழுத்துப் போடணும்?" என்றார்.

"ஒண்ணுலயும் வேணாங்க" என்றேன்.

"கேஸ் ஏதும் மறுபடி வந்திருக்கா?"

"இல்லீங்க."

"பின்ன எதுக்கு வந்தீங்க?"

வழி முழுக்க மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த எதுவும் வாயில் வரவில்லை. "பாத்துட்டுப் போலாம்னு" என்றேன். அவர் நம்பவில்லை. அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். அவர் எங்கள் வாசலில் குனிந்து நுழையும்போதெல்லாம் நான் வைத்துக்கொண்டிருந்த முகம் அது.

தண்ணீர் கொடுத்தார். குடித்தோம். மழையைப் பற்றி, மேட்டூரில் தண்ணீர் திறந்ததைப் பற்றி என் வீட்டுக்காரர் பேசினார். அவர் ஆமாம், இல்லை என்று மட்டும் சொன்னார். ஒரு மணி நேரம் இருந்திருப்போம். அந்த ஒரு மணி நேரத்தில் ஸ்மால் என்ற வார்த்தையை அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. புறப்படும்போது, அரிசியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்றார். என் வீட்டுக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, எடுத்துப் போனால் நான் வீட்டுக்குப் போக முடியாது என்றார். அவர் கையை உருவிக்கொள்ளவில்லை. பிடித்துக்கொள்ளவும் இல்லை.

பஸ் நிற்கும் இடத்திலிருந்து கொட்டகை நன்றாகத் தெரிந்தது. மூட்டை நாங்கள் வைத்த இடத்திலேயே இருந்தது. அவர் கட்டிலை அதைவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போட்டு, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.